சிடி டிவிடி டிரைவ் டிஸ்க்க படிக்கலையா? ஆக்கர் கடைக்கு (பழைய இரும்பு கடைக்கு) போடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துருங்க

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல எந்த வீட்டு அலமாரிய தொறந்தாலும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல பத்து இருபது டிஸ்க் கெடக்கும். கல்யாண வீடியோ, பிள்ளைக்க புதுநன்மை, ஊர் அம்மன் கோயில் கொடை, விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டு, கல்ஃப்ல இருந்து லீவுக்கு வந்தப்போ எடுத்த போட்டோன்னு 2000க்கு பெறவு ஒரு பத்து பதினஞ்சு வருஷத்து வாழ்க்கைய நாம சிடியிலயும் டிவிடியிலயும் தான் போட்டு வச்சோம். இப்போ அத பாக்கணும்னு வீட்ல இருக்க பழைய கம்ப்யூட்டர்ல போட்டா டிரைவ் கர்ர்ருன்னு சுத்திட்டு அடங்கிருது, இல்லன்னா டிரே வெளியவே வரமாட்டேங்குது, இல்லன்னா மை கம்ப்யூட்டர்ல டிரைவையே காணல. ஒடனே டிரைவ் செத்துட்டுன்னு கழத்தி ஆக்கர்ல போடுறவிய உண்டு, அதவிட மோசமா டிஸ்க் தான் போச்சுன்னு டிஸ்க்க குப்பையில போடுறவிய உண்டு, ரெண்டாவது சங்கதிய நெனச்சு தான் இத எழுதுறேன். டிரைவ் போனா ஆயிரம் ரெண்டாயிரம் ரூவாயில வேற வாங்கிரலாம், அந்த கல்யாண வீடியோவுல பேசிட்டு இருக்க தாத்தாவ எங்க போய் வாங்குறது?

அதனால மொத வேலையா ஒண்ணு சொல்லிருதேன். மக்கர் பண்ற டிரைவ்ல உங்களுக்கு முக்கியமான டிஸ்க்க போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க. சிடி டிரைவ் ஃபுல் ஸ்பீடுல, அதாவது 52எக்ஸ்ல, நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 10,000 சுத்து சுத்தும், உள்ள கிளாம்ப் சரியா பிடிக்கலன்னா டிஸ்க் உரசும், வட்டமா ஒரு கோடு விழுந்தா அந்த டிஸ்க்க மீட்குறது பெரிய பாடு. நடு ஓட்டைக்கிட்ட மயிரிழை விரிசல் இருக்க டிஸ்க் அந்த வேகத்துல உள்ளயே சில்லு சில்லா தெறிக்கவும் செய்யும். மதர்போர்டோட வந்த டிரைவர் சிடி, ஏதாவது பழைய ஒரிஜினல் பட டிவிடி, போனாலும் பரவாயில்லன்னு ஒரு ரைட் பண்ண சிடி, ஒரு ரைட் பண்ண டிவிடி, இப்படி நாலு டிஸ்க் தேடி வச்சுக்கிடுங்க, இது நாலும் இருந்தா பாதி நோய் என்னன்னு தெரிஞ்சிரும்.

எப்படின்னா, டிவிடி டிரைவுக்குள்ள சிடிக்கு தனி லேசர், டிவிடிக்கு தனி லேசர். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. ரெண்டும் ஒரே லென்ஸ் வழியா தான் வெளிய வரும் ஆனா ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு ஜம்முன்னு ஓடும். அதனால சிடி எல்லாம் படிக்குது, டிவிடி ஒண்ணு கூட படிக்கலன்னா (இல்ல நேர் எதிரா நடந்தா) அந்த ஒரு லேசர் வீக்காயிட்டுன்னு வச்சுக்கிடலாம், விண்டோஸ் மாத்தி போட்டு எல்லாம் நேரத்த கெடுக்க வேண்டாம். கம்பெனியில அச்சடிச்ச ஒரிஜினல் டிஸ்க் படிக்குது, வீட்லயோ ஸ்டுடியோவுலயோ ரைட் பண்ணது மட்டும் படிக்கலன்னா லென்ஸ்ல அழுக்கு, லேசர் வீக், இல்ல அந்த ரைட் பண்ண டிஸ்க்ல இருக்க சாயம் மங்கிட்டு, இந்த மூணுல ஒண்ணு. எதுவுமே படிக்கலன்னா தான் கேபிள், கரண்ட், விண்டோஸ்னு போகணும்.

அதுக்கு முன்னாடி சின்ன விஷயம் ஒண்ணு, நெறைய பேரு இதுல ஏமாந்து போறாங்க. விண்டோஸ் 8ல இருந்து விண்டோஸ் மீடியா பிளேயர்ல டிவிடி படம் ஓடாது, அத எடுத்துட்டாங்க. டிரைவ் நல்லா தான் இருக்கும், டிஸ்க்க தொறந்தா வீடியோ டிஎஸ்ன்னு ஃபோல்டர் கூட தெரியும், ஆனா டபுள் கிளிக் பண்ணா ஒண்ணும் நடக்காது. விஎல்சி பிளேயர் ஃப்ரீ தான், போட்டுட்டு அதுல ஓப்பன் டிஸ்க் குடுங்க. கல்ஃப்ல வாங்கின ஒரிஜினல் டிவிடின்னா இன்னொரு சிக்கல் இருக்கு, உலகத்துல எந்த பகுதியில விக்கிற டிவிடியோ அதுக்குன்னு ஒரு ரீஜன் நம்பர் உண்டு, அங்க ரீஜன் 2, இந்தியாவுக்கு ரீஜன் 5, டிரைவ்ல ரீஜன அஞ்சு தடவ தான் மாத்த முடியும், அஞ்சாவது மாத்துனதுல அப்படியே பூட்டிக்கும். அதனால ரீஜன் மாத்தவான்னு கேட்டா யோசிக்காம ஓகே அடிக்காதீங்க, மொதல்ல விஎல்சியில போட்டு பாருங்க, பல டிரைவ்ல அது ஓடிரும்.

செரி, இப்போ டிரைவே தெரியலன்னு வச்சுக்கிடுங்க. கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போதே டெலிட் கீயவோ எஃப்2 கீயவோ தட்டி பயாஸ்க்கு, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி உள்ள செட்டிங்ஸ் பக்கத்துக்கு போங்க, சாட்டா (டிரைவ் எல்லாம் சொருகுற கனெக்ஷன்) லிஸ்ட்ல ஹார்ட் டிஸ்க் பேரு ஒரு வரியில இருக்கும், டிவிடி டிரைவ் பேரு இன்னொரு வரியில இருக்கணும். இருந்தா வயர் எல்லாம் செரி, கோளாறு விண்டோஸ்ல. இல்லன்னா விண்டோஸ்ல என்னத்த மாத்தியும் பிரயோஜனம் இல்ல, கேபிளையும் பவரையும் டிரைவையும் தான் பாக்கணும். இந்த ஒரு சோதனைக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது, ஆனா இத செய்யாம முழு விண்டோஸயும் அழிச்சு புதுசா போட்டு அதுல இருந்த போட்டோவ எல்லாம் தொலைச்ச வீடு எத்தனையோ உண்டு, நெனச்சா வயிறு எரியுது.

விண்டோஸ் பக்கம்னா, ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜர் போங்க. அங்க டிவிடி சிடிராம் டிரைவ்ஸ்ன்னு ஒரு தலைப்பு இருக்கும், அதுல மஞ்சள் முக்கோணம் இருந்தா டிரைவ டபுள் கிளிக் பண்ணி என்ன எரர் கோட் நம்பர்னு பாருங்க. 19, 31, 32, 39, 41 இதுல ஏதாவது ஒரு நம்பர் காட்டுனா முக்கால்வாசி பழைய டிஸ்க் ரைட் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ண போட்டு எடுத்ததுல வந்த வினை தான். மொதல்ல அந்த டிரைவ ரைட் கிளிக் பண்ணி அன்இன்ஸ்டால் குடுத்து ரீஸ்டார்ட் பண்ணுங்க, விண்டோஸ் தானா திரும்ப கண்டுபிடிச்சு போட்டுக்கும். அதுலயும் சரியாகலன்னா ரெஜிஸ்ட்ரி எடிட்டர், அதாவது விண்டோஸோட உள் செட்டிங்ஸ மாத்துற எடத்துக்கு போகணும், எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கிளாஸ்ன்னு உள்ள போனா அடைப்புக்குறிக்குள்ள நீளமா நம்பர் போட்ட ஃபோல்டர் வரிசையா இருக்கும், 4டி36இ965ன்னு தொடங்குறத எடுங்க, வலது பக்கம் கிளாஸ்ங்கிற இடத்துல சிடிராம்ன்னு இருந்தா சரியான இடத்துக்கு வந்துட்டீங்க. அங்க அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ்ன்னு ரெண்டு இருந்தா அத மட்டும் அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டர ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்போர்ட் குடுத்து ஒரு காப்பி வச்சுக்கிடணும், சிடிராம்ன்னு இல்லாத ஃபோல்டர்ல தொடவே கூடாது. அழிச்ச பெறவு ரைட் பண்ற சாஃப்ட்வேர் ஏதாவது மக்கர் பண்ணா அத திரும்ப இன்ஸ்டால் பண்ணா போதும்.

டிவைஸ் மேனேஜர்ல நல்லா இருக்கு ஆனா மை கம்ப்யூட்டர்ல காணலன்னா டிரைவ் லெட்டர் இல்லாம இருக்கலாம், டிஸ்க் மேனேஜ்மெண்ட்ல போய் ஒரு எழுத்து குடுங்க, வந்துரும்.

இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுற வீட்டுக்கு தனியா ஒண்ணு. டிஸ்க் படிக்குது ஆனா மாட்டு வண்டி வேகத்துல படிக்குது, படம் விட்டு விட்டு ஓடுது, அந்நேரம் மவுஸ் கூட இழுக்குதுன்னா, கீறல் விழுந்த டிஸ்க்க படிச்சு படிச்சு ஆறு தடவ எரர் வந்ததும் எக்ஸ்பி தானாவே வேகமா படிக்கிற டிஎம்ஏ மோட விட்டு மெதுவான பழைய பிஐஓ மோடுக்கு எறங்கிரும், பெறவு நல்ல டிஸ்க் போட்டாலும் அது மேல ஏறாது. டிவைஸ் மேனேஜர்ல அந்த டிரைவ் இருக்க ஐடிஇ (பழைய அகல கேபிள் கனெக்ஷன்) சேனல அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க, பழைய வேகம் வந்துரும். டிரைவ் வீணாப்போச்சுன்னு நெனச்சு மாத்துனதுல எத்தனையோ டிரைவுக்கு இவ்வளவு தான் கோளாறு.

இப்போ வயர் பக்கம் வருவோம், நம்ம ஊருக்குன்னே உள்ள சங்கதி இங்க தான் இருக்கு. சின்ன மாவட்டம் தான் ஆனா எடத்துக்கு எடம் டிரைவ் கெடுற விதம் வேற வேற. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம் பக்கம் கடக்காத்து வீட்டுக்குள்ளயே வரும், அதுல உள்ள உப்பு கேபிள் முனையில படிஞ்சு பின் கறுத்துரும், சில எடத்துல பச்சையா களிம்பு கூட பிடிச்சிருக்கும். இந்த வீட்ல எல்லாம் டிரைவ் ஒரு நாளு தெரியும் ஒரு நாளு தெரியாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம்னா காத்தாடி ஓடுற காத்துல வர்ற பொடி மண்ணு, அது டிரே இடுக்கு வழியா நேரா லென்ஸ் மேல போய் உக்காரும். குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறைன்னு மேல போனா ரெண்டு பருவ மழையும் கொட்டுற எடம், ஆனி ஆடியில வீட்டுக்குள்ள செவரே வேர்க்கும், அங்க டிரைவ விட டிஸ்க் தான் மொதல்ல பூஞ்சை பிடிக்கும். எந்த பக்கம்னாலும் எறும்பும் பல்லியும் பொது, கேபினெட்ட தொறந்தா டிரைவுக்கும் கூண்டுக்கும் நடுவுல முட்டையோட எறும்பு கூட்டம் இருக்கது இங்க சாதாரணம்.

கேபினெட்ட தொறக்கும்போது பிளக்க சுவத்துல இருந்தே உருவிருங்க, சுவிட்ச் ஆஃப் பண்ணா மட்டும் போதாது. யுபிஎஸ் இருந்தா அதுல இருந்தும் எடுக்கணும். டிரைவுக்கு பின்னால ரெண்டு கேபிள், சின்னது டேட்டா, அகலமா இருக்கது பவர். ரெண்டையும் கழத்தி முனைய பாருங்க, கறுத்திருந்தா டிரைவ் பக்கத்து பின்ன பென்சில் அழிக்கிற ரப்பரால லேசா தேச்சு, தூச பிரஷ்ஷால தட்டி விட்டுட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு தொடச்சு காய விட்டு திரும்ப நாலஞ்சு தடவ சொருகி உருவி சொருகுங்க. அப்படியும் தெரியலன்னா டேட்டா கேபிள மதர்போர்டுல வேற போர்ட்டுக்கு மாத்துங்க, அதுக்கும் மசியலன்னா ஹார்ட் டிஸ்க்ல நல்லா ஓடிட்டு இருக்க கேபிள கழத்தி இதுல போட்டு பயாஸ்ல மட்டும் பாருங்க. சாட்டா கேபிள் நூறு ரூவா கூட வராது, ஆனா டிரைவ் போச்சுன்னு சொல்ல வைக்கிறதுல அதுக்கு தான் மொத எடம்.

பழைய அகல ஃப்ளாட் கேபிள், அதாவது ஐடிஇ டிரைவா இருந்தா பின்னால ஒரு குட்டி ஜம்பர் இருக்கும், மாஸ்டர், ஸ்லேவ், கேபிள் செலக்ட்ன்னு மூணு எடம். ஒரே கேபிள்ல ஹார்ட் டிஸ்க்கும் டிவிடியும் இருந்து ரெண்டும் மாஸ்டர்ல நின்னா ஒண்ணு காணாம போயிரும், சில நேரம் ரெண்டுமே காணாம போயிரும்.

டிரைவ்ல லைட் எரியுது, டிரே வருது, ஆனா டிஸ்க் சுத்தவே இல்லன்னா எஸ்எம்பிஎஸ்ஸ, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் குடுக்குற பெட்டிய சந்தேகப்படுங்க. மஞ்சள் வயர்ல 12 வோல்ட், செவப்பு வயர்ல 5 வோல்ட் வரணும், டிரைவ்ல போர்டுக்கும் லைட்டுக்கும் 5, மோட்டருக்கு 12. 12 இல்லாம 5 மட்டும் வந்தா இந்த மாதிரி அரைகுறையா கெடக்கும். வேற பவர் பின் இருந்தா மாத்தி சொருகி பாருங்க, மல்டிமீட்டர் வச்சு பாக்க தெரிஞ்ச ஆளு வீட்ல இருந்தா அளந்து பாக்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டிய மட்டும் தொறக்காதீங்க, பிளக்க உருவின பெறவும் உள்ள கரண்ட் நிக்கும், உசுரு சம்பந்தப்பட்ட விஷயம்.

டிரே வரலன்னா அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவர வச்சு நெம்பாதீங்க. மொதல்ல கம்ப்யூட்டர ஆன் பண்ண ஒடனே, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி பட்டன அழுத்துங்க, அப்போ வந்தா டிரைவ் நல்லா இருக்கு, விண்டோஸ்ல ஏதோ ஒரு புரோகிராம் பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். அப்பவும் வரலன்னா ஆஃப் பண்ணி பிளக்க உருவிட்டு, டிரைவ் முகப்புல பட்டன் பக்கத்துல குண்டூசி ஓட்டை அளவுக்கு ஒண்ணு இருக்கும் பாருங்க, ஜெம் கிளிப்ப நேரா நிமித்தி அதுக்குள்ள நேரா, சாய்க்காம, பைய தள்ளுங்க, கொஞ்சம் எதுத்துட்டு டிரே ஒரு அரை இஞ்ச் வெளிய வரும், மிச்சத்த கையால இழுத்துக்கிடலாம். உள்ள மாட்டின டிஸ்க்க எடுக்க இது தான் வழி, இதுக்காக கடைக்கு தூக்கிட்டு போக வேண்டாம்.

இப்படி அடிக்கடி மாட்டுச்சுன்னா, மோட்டர் உறுமுற சத்தம் கேக்குது டிரே அசையலன்னா, உள்ள இருக்க ரப்பர் பெல்ட் தளந்துட்டு. சின்ன வளையம் தான். டெஸ்க்டாப் டிரைவ்ல டிரேக்கு அடியில முன் பக்கமா மோட்டர் புல்லியில மாட்டி இருக்கும். ஆல்கஹால் போட்டு பெல்ட்டையும் புல்லியையும் தொடச்சா கொஞ்ச நாளு ஓடும், நெரந்தரமா வேணும்னா மாத்தணும். டேப் ரிக்கார்டர் ரிப்பேர் பாத்துட்டு இருந்த பழைய கடை நாகர்கோவில்லயும் மார்த்தாண்டத்துலயும் தக்கலையிலயும் இன்னமும் தேடுனா கெடைக்கும், பழைய பெல்ட்ட கையில கொண்டு போய் அதே அளவுக்கு கேளுங்க, கொஞ்சம் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, பெருசா இருக்க கூடாது. லேப்டாப் டிரைவ்ல பெல்ட் கிடையாது, ஸ்பிரிங் தான் தள்ளும், அது வரலன்னா கொக்கியில அழுக்கு இல்ல உள்ள உள்ள சின்ன வயர் ரிப்பன் போயிருக்கும்.

லென்ஸ் சுத்தம் பண்றது தான் இதுல நெறைய பலன் குடுக்குற வேலை, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். லேப்டாப் டிரைவ்னா சுகம், லென்ஸ் டிரேயிலயே இருக்கும், வெளிய இழுத்தா கண்ணு முன்னாடி நிக்கும். டெஸ்க்டாப் டிரைவ தொறந்து தான் ஆகணும். கேபினெட்ல இருந்து கழத்தி (பக்கத்துக்கு ரெண்டு ஸ்க்ரூ, சன்ன மரையா இருக்கும், அத தனியா வச்சுக்கிடுங்க, ஹார்ட் டிஸ்க் ஸ்க்ரூ தடிச்ச மரை, அத இதுல போட்டு முறுக்குனா மரை போயிரும்) கவுத்து வச்சா அடியில நாலு மூலைக்கும் ஸ்க்ரூ இருக்கும். அதுக்கு முன்னாடி ஜெம் கிளிப்ப வச்சு டிரேய வெளிய எடுத்து டிரே முகப்பு பிளாஸ்டிக்க மேல தூக்கி கழத்தணும், பெறவு பெரிய முகப்பு பக்கத்துல உள்ள கொக்கிய அமுக்கி கழத்தணும், அப்போ தான் தகரம் விட்டு குடுக்கும். உள்ள ரெண்டு கம்பி தண்டவாளத்துல ஓடுற ஒரு சின்ன வண்டி, அது மேல கடுகவிட கொஞ்சம் பெருசா ஒரு நீல மினுமினுப்பு தெரியுற லென்ஸ். டார்ச்ச சாய்ச்சு அடிச்சு பாருங்க, சுத்தமான லென்ஸ்ல வெளிச்சம் பளிச்சுன்னு ஒரு புள்ளியா நிக்கும், அழுக்கு லென்ஸ்ல மங்கலா சாம்பல் படலம் தெரியும், அடுப்பு புகையும் கொசுவர்த்தி புகையும் இருக்க வீட்ல அது மஞ்சளா கூட இருக்கும்.

அந்த லென்ஸ் நாலு சன்ன கம்பியில தொங்கிட்டு இருக்கு, அழுத்துனா வளைஞ்சிரும், வளைஞ்சா கதை முடிஞ்சுது. காது குடையிற பட்ஸ்ல ஒரு சொட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டு, உதறி, பட்ஸோட எடையே போதுங்கிற அளவுக்கு தொட்டு ரெண்டு சுத்து, பெறவு காஞ்ச பட்ஸால ரெண்டு சுத்து. சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், சிலதுல எண்ணெய் கலந்திருக்கும், காஞ்சா படலம் நிக்கும். நெயில் பாலிஷ் எடுக்குற அசிட்டோன், தின்னர் எல்லாம் பிளாஸ்டிக் லென்ஸ வெள்ளையாக்கிரும். வாயால ஊதவும் வேண்டாம், எச்சி தெறிக்கும், கேமரா கடையில ரப்பர் புளோயர் கெடைக்கும் அதால ஊதுங்க. தண்டவாளத்துல தலமுடி சுத்தியிருந்தா பட்ஸால எடுத்துருங்க. ஒண்ணே ஒண்ணு, மூடிய தொறந்து போட்டு கரண்ட் குடுத்து என்ன நடக்குன்னு எட்டி பாக்காதீங்க, ரைட் பண்ற டிரைவ்ல உள்ள லேசர் கண்ணு பார்வைய கெடுக்குற அளவுக்கு சக்தி உள்ளது, சிடி லேசர் கண்ணுக்கு சரியா தெரியவும் தெரியாது, பிள்ளைங்க பக்கத்துல நிக்கும்போது இந்த சோலிய செய்யாதீங்க.

கடையில கெடைக்குற பிரஷ் வச்ச கிளீனிங் டிஸ்க் மேலோட்டமான தூசுக்கு கேக்கும், புகை படலத்துக்கு கேக்காது.

இனி டிஸ்க். ஒரு அக்கா குலசேகரம் பக்கத்துல இருந்து கல்யாண டிவிடி ஒண்ணு கொண்டு வந்தாங்க, "அப்பா கையப் பிடிச்சு குடுக்குறது இதுல மட்டும் தான் இருக்கு, அப்பா இப்ப இல்ல" ன்னு சொன்னாங்க. கையில வாங்கி டியூப் லைட்டுக்கு நேரா சாய்ச்சு பாத்தா, ஓரத்துல இருந்து உள்ள பாத்து வெள்ளையா சன்ன நூலு, மரத்து வேர் மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சு போகுது. பூஞ்சை. வெரலால தடவுனா தட்டுப்படல, ஆனா சாய்ச்சா தெரியுது. வெறும் தண்ணியில நனைச்சு, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்டு கழுவி தொடச்சதுல முக்கால்வாசி போயிட்டு, மிச்சத்த காப்பி எடுக்குற சாஃப்ட்வேர் பாத்துக்கிட்டு, அப்பா கையப் பிடிச்சு குடுக்குற எடம் முழுசா கெடச்சுது. அந்த டிஸ்க்க ரெண்டு எடத்துல போகாதுன்னு சொல்லி திருப்பி அனுப்பியிருக்காங்க, கழுவி கூட பாக்கல.

கழுவுறதுக்கு முறை இருக்கு. நடு ஓட்டையில இருந்து வெளி ஓரத்துக்கு நேரா தொடைக்கணும், வட்டமா தொடைக்கவே கூடாது. டிஸ்க்ல டேட்டா வட்ட வட்டமா ஓடுது, குறுக்க விழுந்த கீறல்னா ஒவ்வொரு வட்டத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் தான் போகும், அத டிரைவ் கணக்கு போட்டு சரி பண்ணிக்கும், வட்டத்தோட சேந்து விழுந்த கீறல்னா ஒரே எடத்துல மொத்தமா போகும், அத மீட்க முடியாது. பழைய பருத்தி வேட்டி துணி நல்லது, பேப்பரும் துவர்த்தும் (துண்டு) வேண்டாம். கழுவிட்டு வெயில்ல காய வைக்காதீங்க, ரைட் பண்ண டிஸ்க்ல டேட்டா நிக்கிறதே ஒரு சாயத்துல தான், வெயிலு அத வெளுக்க வச்சிரும்.

சிடியில எழுத்து போட்டிருக்க மேல் பக்கம் தான் உண்மையில பலவீனமான பக்கம், டேட்டா இருக்க படலம் அந்த பக்கத்து வார்னிஷுக்கு நேர் கீழ இருக்கு, அதுல ஒரு கீறல் விழுந்தா வெளிச்சத்துல பிடிச்சா ஓட்டை தெரியும், அந்த எடம் போனது போனது தான். டிவிடியில படலம் ரெண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவுல இருக்கதால தப்பிச்சுது. கீழ் பக்கத்து கீறல் வெறும் பிளாஸ்டிக்ல உள்ளது, ஆழம் இல்லன்னா பயப்பட வேண்டாம். டிஸ்க்ல ஸ்டிக்கர் ஒட்டி இருந்தா உரிக்காதீங்க, உரிச்சா படலமும் கூட வந்துரும், வேகத்த கொறச்சு ஓட்டி காப்பி எடுங்க.

கையடக்கமா உள்ள 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடி ஹேண்டிகேம்ல போட்டது இருக்கும், அது கம்ப்யூட்டர்ல வெறும் டிஸ்க்ன்னு காட்டுனா தூக்கி போட்டுராதீங்க, கேமராவுல ஃபைனலைஸ் (ரெக்கார்டிங்க முடிச்சு மூடுறது) பண்ணாம விட்டிருப்பாங்க. அந்த கேமரா இருந்தா அதுல போட்டு ஃபைனலைஸ் குடுத்தா தெரியும், கேமரா இல்லன்னா ஐசோபஸ்டர் மாதிரி சாஃப்ட்வேர் உள்ள தேடி எடுக்கும். டிரேயில உள் வட்டத்துல வச்சு போடணும், காரு டிரைவ் மாதிரி வாயில உறிஞ்சி எடுக்குற டிரைவ்ல போட்டா மாட்டிக்கும்.

டிரைவ் திரும்ப உசுரு பிடிச்சு ஓட ஆரம்பிச்சதும் படம் போட்டு உக்காந்து பாக்காதீங்க, மொதல்ல காப்பி எடுங்க, இத தயவு செஞ்சு கேளுங்க. வீக்கான லேசர் இன்னைக்கு ஓடும் நாளைக்கு ஓடாது. டிவிடின்னா வீடியோ டிஎஸ் ஃபோல்டர முழுசா அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்து போடுங்க, விஓபின்னு 1 ஜிபி 1 ஜிபியா துண்டா இருக்கும், எல்லாம் சேத்து 4 ஜிபிக்கு மேல வரும். பழைய வீடியோ சிடின்னா எம்பெக் ஏவி ஃபோல்டர்ல டேட் (DAT) ஃபைல் இருக்கும், அது ஓடும் ஆனா காப்பி பண்ணா பாதியில எரர் அடிக்கும், ஏன்னா வீடியோ சிடியில அதிகமா படம் திணிக்கணும்னு பிழை திருத்துற பகுதிய வெட்டிட்டாங்க, சின்ன கீறலுக்கே விண்டோஸ் காப்பி நின்னுரும். அதுக்கும் ஐசோபஸ்டர் நல்லா கேக்கும்.

சைக்ளிக் ரிடண்டன்சி செக்ன்னு எரர் வந்து காப்பி நிக்கிற டேட்டா டிஸ்க்குக்கும் டிவிடிக்கும் எனக்கு பிடிச்சது டிடிரெஸ்க்யூங்கிற சாஃப்ட்வேர். உபுண்டுவ (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஃப்ரீ தான்) பென் டிரைவ்ல போட்டு அதுல இருந்து கம்ப்யூட்டர ஆன் பண்ணா, விண்டோஸ் கோளாறா டிரைவ் கோளாறாங்கிறதும் அங்கயே தெரிஞ்சிரும். டிடிரெஸ்க்யூ மொதல்ல படிக்க முடியுறத எல்லாம் வேகமா எடுத்துட்டு, முடியாத எடத்த ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சு பெறவு திரும்ப திரும்ப முட்டி பாக்கும். இதுல உள்ள பெரிய வசதி, அதே மேப் ஃபைலயும் அதுவரைக்கும் எடுத்த இமேஜையும் (டிஸ்க்கோட காப்பி ஃபைல்) வச்சுக்கிட்டு பக்கத்து வீட்டு டிரைவ்ல அதே டிஸ்க்க போட்டா விட்ட எடத்த மட்டும் அது படிக்கும். ஒரு டிரைவ் படிக்காத எடத்த இன்னொரு டிரைவ் படிக்கிறது சர்வ சாதாரணம், அதனால ஒரு டிரைவ் கைய விரிச்சதும் மனச விடாதீங்க, உறவுக்காரங்க வீட்ல, பழைய ஸ்டுடியோவுல, பள்ளிக்கூட லேப்ல எங்கயாவது டிவிடி டிரைவ் இருக்கும், கேட்டு வாங்கி போட்டு பாருங்க. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ ஓடு பறந்து நனைஞ்ச வீட்டு டிஸ்க் எல்லாம் கூட இப்படி டிரைவ் மாத்தி மாத்தி போட்டா கொஞ்சமாவது கெடைக்க வாய்ப்பு உண்டு, மண்ணு ஒட்டியிருந்தா தேய்க்காம மொதல்ல தண்ணியில ஊற வச்சு மண்ண தானா விட வைங்க.

எடுத்த காப்பிய ஒரு தடவ முன்னால, நடுவுல, கடைசியில ஓட்டி பாத்துட்டு, ரெண்டு எடத்துல வைங்க, ஒண்ணு உங்க ஹார்ட் டிஸ்க்ல, இன்னொண்ணு வேற வீட்ல உள்ள ஆளுகிட்ட.

இவ்வளவும் பாத்தும் எதுவும் படிக்கலன்னா டிரைவ் உண்மையாவே போயிட்டு, யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒண்ணு வாங்கிக்கிடுங்க. அத முன் பக்க யுஎஸ்பியில சொருகாம மதர்போர்டுல நேரா இருக்க பின் பக்க போர்ட்ல சொருகுங்க, ஹப் வேண்டாம், டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும்போது கரண்ட் பத்தாம டக் டக்குன்னு அடிச்சிட்டு நின்னா ரெண்டு தலை உள்ள ஒய் கேபிள் வாங்கி ரெண்டு போர்ட்ல போடுங்க. செத்த டிரைவுக்கு போற டேட்டா கேபிளையும் பவரையும் கழத்தி விட்டுருங்க, அது சொருகி இருந்தா விண்டோஸ் அத தேடி தேடி ஆன் ஆகவே லேட் ஆகும். பெட்டிய மட்டும் அந்த கூண்டுலயே விட்டு வைங்க, எடுத்துட்டா முன்னால பெரிய ஓட்டை விழுந்து பல்லியும் எறும்பும் நேரா மதர்போர்டுக்கு போகும்.